நம் மலைக் காபிக்குப் பிரெஞ்சு பிரஸ் ஒத்துவரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் சமையலறைக்கான புதுச் சாமான்களைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதில் பிரெஞ்சு பிரஸ் என்கிற காபிக் குவளைக்கும் நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நம் ஊர்க் காபிக்கு ஒத்துவராது, வண்டலும் கசப்புமாக வரும், வெளிநாட்டுக் காபி வாங்கிக் குடிப்பவர்களுக்குத்தான் சரிப்படும் என்று அதில் சொல்லியிருந்தது. அந்த நாலு வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வண்டலும் கசப்பும் வருவது உண்மைதான், எனக்கே வந்திருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் நம் ஊர்க் காபி இல்லை. இதை எழுதாமல் விட்டால், காபி விளைகிற மண்ணில் பிறந்து வளர்ந்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அர்த்தமில்லை.

நான் தாண்டிக்குடிப் பக்கத்துக்காரி. கீழ்ப் பழனி மலையில், ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், எங்கள் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம். முதலில் மலைவாழைதான் இருந்தது. முடிக்கொத்து நோய் வந்து வாழை போன பிறகு அப்பா காபி வைத்தார். நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, நடுவில் இரண்டு பலா, வேலியோரம் நாலைந்து கமலா ஆரஞ்சு மரங்கள். அப்பாவுக்குப் பின் இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் கல்யாணமாகி வத்தலக்குண்டுக்கு வந்து, அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்து, 2019இல் ஓய்வு பெற்றேன்.

காபித் தோட்டத்து வீட்டில் என்ன காபி குடித்தோம் என்று பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் ஆசையாகக் கேட்டதுண்டு. அந்தக் காலத்தில் நல்ல கொட்டை வீட்டில் தங்காது. 1942ஆம் வருஷத்துச் சட்டப்படி விளைச்சல் காபி வாரியத்தின் பொதுக் கணக்குக்குத்தான் போகவேண்டும். 'பூல்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தக் கட்டுப்பாடு 1990களில்தான் படிப்படியாக நீங்கியது. வீட்டுக்கு என்று அம்மா எடுத்தது செடிக்கடியில் உதிர்ந்துகிடந்த பழமும், புழு துளைத்த கொட்டையும்தான். அதை இரும்புச் சட்டியில் கரியக் கரிய வறுத்து, உரலில் இடித்து, பானையில் கருப்பட்டியோடு போட்டுக் கொதிக்கவைப்பாள். மழைக்காலத்தில் அந்தச் சூடு பெரிய ஆறுதல். ஆனால் அதில் காபியின் ருசி என்று எதைச் சொல்வது? கரிந்த வாசனையும் கருப்பட்டி இனிப்பும்தான். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் பித்தளை பில்டர், கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன், சிக்கரி கலந்த பொடி, பசும்பால். அதையும் நான் மனசாரக் குடித்தேன், இப்போதும் குடிக்கிறேன். ஆனாலும் அப்பா வளர்த்த காபி தனியாக, தானாக எப்படி இருக்கும் என்று 58 வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தது இந்தக் கண்ணாடிக் குவளையால்தான்.

அந்தத் தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த மகள் 350 மில்லி பிடிக்கும் ஒரு பிரெஞ்சு பிரஸைக் கொண்டுவந்தாள். பெயரில்தான் பிரான்ஸ் இருக்கிறது. பாரிஸில் 1852இலேயே இப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள், ஆனால் விளிம்பில் சுருள்கம்பி வைத்து, குவளையின் சுவரோடு ஒட்டி இறங்கும்படி செய்தவர்கள் மிலான் நகரத்து இத்தாலியர்கள், கலிமானி என்றும் மொனேட்டா என்றும் இரண்டு பேர், அது 1929. பொருள் மிக எளிது. ஒரு குவளை, ஒரு மூடி, மூடிக்கு நடுவில் ஒரு தண்டு, தண்டின் அடியில் சல்லடைத் தட்டு. பொடியும் வெந்நீரும் ஒன்றாக ஊறும், பிறகு தண்டை அமுக்கினால் தட்டு பொடியை அடியில் தள்ளிவிடும். அவ்வளவுதான்.

மகள் ஊருக்குப் போன மறுநாள், வீட்டில் பில்டருக்கு வாங்கிவைத்திருந்த பொடியையே அதில் போட்டேன். எண்பதுக்கு இருபது சிக்கரி கலந்தது, மாவாட்டம் நைஸாக அரைத்தது. நாலு நிமிஷம் கழித்து தண்டை அமுக்கினால் இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். பக்கவாட்டில் பீறிட்டு வலது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. கொப்புளம் ஆற பத்து நாள் ஆனது. குவளையில் மிஞ்சியது உங்கள் பக்கத்தில் எழுதியிருந்தது போலவேதான் இருந்தது, சேறும் கசப்பும். அன்றைக்கே அதைத் தூக்கிப் பரணில் வைத்திருந்தால் நானும் நம் ஊர்க் காபிக்கு இது ஒத்துவராது என்றுதான் இன்று சொல்லிக்கொண்டிருப்பேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வடிகட்டுதலும் கரைதலும் நடத்தியவள் என்பதால், ஏன் அடைத்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

காரணம் இதுதான். நம் பில்டரில் பொடி ஒரு படுகையாக அமுங்கி உட்கார்ந்திருக்கும். மேலே ஊற்றிய வெந்நீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். அங்கே பொடிதான் பாதி வடிகட்டி. மேல் தட்டும் அடியில் இருக்கும் துளைகளும் மீதி. நைஸாக இருந்தால்தான் தண்ணீர் மெதுவாக இறங்கும், டிகாஷன் திக்காக வரும். பிரெஞ்சு பிரஸில் அப்படி இல்லை. எல்லாப் பொடியும் எல்லாத் தண்ணீரிலும் ஒரே நேரத்தில் முங்கிக் கிடக்கிறது. மாவுப் பொடி என்றால் முதல் ஒரு நிமிஷத்திலேயே கொடுக்கவேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டாத கசப்பையும் இறக்கும். சல்லடையின் கண்ணிலும் அடைத்துக்கொள்ளும். ஆகவே இதற்கு வேண்டியது பெரும் அரைப்பு. சம்பா கோதுமை ரவையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்தப் பதம். பம்பாய் ரவை என்றால் நைஸ். கல்லுப்பு என்றால் பெரிசு.

இங்கேதான் என் ஆதங்கம். எங்கள் பக்கத்தில் வறுத்து அரைக்கிற கடை ஒன்றில் போய், ரவைப் பதத்துக்கு அரைத்துத் தாருங்கள், கால் கிலோ போதும் என்று கேட்டேன். மெஷினில் இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் முடியாது என்றுவிட்டார். அப்படி அரைத்தால் டிகாஷன் இறங்காதும்மா, தண்ணியா வரும், வீட்டுல திட்டுவாங்க என்றார். பில்டருக்கு இல்லை, வேறு பாத்திரத்துக்கு என்று விளக்கினேன். காலை நேரம், எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கல்லை விலக்கி வைத்துவிட்டு மறுபடி நைஸுக்குத் திருப்பினால், முதலில் வருகிற பொடி கலந்துபோகும் என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாள், கூட்டம் இல்லாத மத்தியானத்தில், பெரும் அரைப்புக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அது தீர்ந்துவிடும். இரண்டு மூன்று ஊர்க் கடைகளில் இதையே கேட்டேன். இப்போது ஒரு கடைக்காரர் மட்டும் வியாழக்கிழமை மத்தியானம் அரைத்துத் தருகிறார். எங்களைப் பார்த்து இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் அதே நாளில் அங்கே வாங்குகிறார்கள்.

கடையில் கிடைக்காதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. என் மாமியார் வீட்டுப் பரணில், பலகையில் திருகி மாட்டிக் கையால் சுற்றுகிற பழைய இரும்பு மெஷின் ஒன்று கிடந்தது. அவர்கள் காலத்தில் தினமும் காலையில் வறுத்த கொட்டையை அதில்தான் அரைப்பார்களாம். துருவைத் தேய்த்து, பழைய அரிசியைப் போட்டு இரண்டு மூன்று தடவை சுற்றிச் சுத்தம் செய்தேன். பக்கத்துத் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் நான் கேட்ட பதம் அப்படியே விழுகிறது. பல வீடுகளில் இது இன்னும் பரணில்தான் கிடக்கிறது, பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு தடவை யோசியுங்கள். அதுவும் இல்லை, மிக்சிதான் என்றால் விட்டுவிட்டு ஓட்டி, மாவுச் சல்லடையில் சலித்துவிட வேண்டும். சல்லடைக்குக் கீழே விழுந்த தூளைப் பில்டருக்கு வைத்துக்கொள்ளலாம், மேலே நின்ற குருணை பிரெஞ்சு பிரஸுக்கு. கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும், ஆனால் குடிக்கலாம்.

அப்புறம் சிக்கரி. சிக்கரியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அது ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது, காபீன் கிடையாது. டிகாஷனுக்கு நிறமும் கனமும் தரும், பாலோடு நன்றாகச் சேரும். ஆனால் தண்ணீரில் காபியைவிட அதிகம் கரையும். பில்டரில் கொஞ்ச நீரில் கரையும்போது அது பலம். பிரெஞ்சு பிரஸில் நாலு நிமிஷம் மொத்தமாக ஊறும்போது காபியின் வாசனையை மூடிவிடுகிறது. அதனால் இதற்குச் சிக்கரி சேராத பொடிதான் வேண்டும். நம் நாட்டு விதிப்படி கலப்புப் பொடியில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட்டிருக்கவும் வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காகிதக் கவரில் கட்டித் தருகிற கடைகளில் வாயைத் திறந்து கேளுங்கள். நான் கேட்டதில், கேட்டால் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

இனி எப்படிப் போடுவது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் அது வரவே இல்லை. 350 மில்லிக் குவளையில் கழுத்துவரை ஊற்ற முடியாது, 300 மில்லி தண்ணீர் கணக்கு வையுங்கள். அதற்கு 20 கிராம் பொடி. தராசு இல்லையென்றால் பெரிய மேசைக்கரண்டியில் தட்டையாக நாலு கரண்டி. முதலில் குவளையை வெந்நீர் ஊற்றி அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிஷம் விட்டு ஊற்றுங்கள். தாண்டிக்குடியில் தம்பி வீட்டில் இந்த அரை நிமிஷம்கூடத் தேவையில்லை. மலை உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், காபிக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதே சூடுதான். எத்தனையோ வருஷம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு குவளைக் காபிக்கு இது உதவும் என்று அப்போது தோன்றவில்லை.

தண்ணீர் பட்டதும் பொடி பொங்கி மேலே ஒரு மூடாக்குப் போல வந்து நிற்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியே வருவதால்தான் இந்தப் பொங்கல். வறுத்து நாளானால் வாயு போய்விடும், பொங்காது. ஆகவே பொடி புதுசா பழசா என்பதை உங்கள் கண்முன்னே இந்தக் குவளை காட்டிக்கொடுத்துவிடும். நாலு நிமிஷம் ஆனதும் கரண்டியால் அந்த மூடாக்கை லேசாகக் கலக்கிவிட்டு, மேலே மிதக்கும் நுரையை வழித்து எடுத்துவிடுங்கள். இன்னும் நாலைந்து நிமிஷம் அப்படியே விட்டால் தூள் எல்லாம் தானாக அடியில் தங்கும். அதன்பிறகு தண்டை மெதுவாக, தட்டு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போகும் வரை மட்டும் இறக்கி ஊற்றுங்கள். அடிவரைக்கும் அமுக்கினால் தங்கின வண்டல் கிளம்பிவிடும். கடைசி இரண்டு வாய் அளவு குவளையிலேயே இருக்கட்டும். வண்டல் என்று புகார் சொல்கிற பலர் இந்த இரண்டு வாயையும் சேர்த்து ஊற்றிக்கொள்கிறார்கள். கலக்க எவர்சில்வர் கரண்டி வேண்டாம், மரக்கரண்டி போதும். எங்கள் முதல் குவளை கரண்டி தட்டித்தான் விரிசல் விட்டது. இப்போது வைத்திருப்பது சில்வர் குவளை.

பால் ஊற்றிக் குடிக்க நினைக்கிறவர்கள் மேலே சொன்ன அளவில் போட்டால் நீர்த்துப்போகும், ஏமாற்றம்தான் மிஞ்சும். இது டிகாஷன் இல்லை, நேரடியாகக் குடிக்கும் காபி. பாலுக்கு என்றால் அதே 300 மில்லிக்கு 35 கிராம் வரை போட வேண்டும், பாலைச் சுண்டக் காய்ச்சி மூன்றில் ஒரு பங்குதான் சேர்க்க வேண்டும். அப்போதும் பில்டர் காபியின் கனம் வராது. பாலோடுதான் வேண்டும் என்கிறவர்கள் பில்டரையே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். என் கணவருக்குச் சர்க்கரை நோய். வெறும் காபிக்கு அவர் மாறியது இந்தக் குவளையால்தான். பில்டர் டிகாஷனை வெறுமனே குடிக்கச் சொன்னால் முகம் சுளிப்பார். இதைச் சர்க்கரையும் பாலும் இல்லாமல் காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறார்.

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். 2022 தையில் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, செடியில் நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்து 12 கிலோ பறித்துத் தரச் சொன்னேன். சின்ன விவசாயிகள் பெரும்பாலும் பழத்தை அப்படியே களத்தில் காயப்போட்டு 'செர்ரி'யாக விற்றுவிடுவார்கள். தம்பியும் அப்படித்தான். நான் கையாலேயே தோலைப் பிதுக்கி எடுத்து, கொழகொழப்பு போக ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நாலு தண்ணீர் அலசி, வலையில் பரப்பி பத்து நாள் காயவைத்தேன். பிறகு உரலில் மெதுவாக இடித்து மேல்தோலைப் போக்கி, முறத்தில் புடைத்தேன். 12 கிலோ பழத்துக்கு இரண்டு கிலோவை ஒட்டித்தான் கொட்டை கிடைத்தது. அம்மா வறுத்த மாதிரி கரியவிடாமல், பொரி வெடிக்கிற மாதிரிச் சத்தம் வந்து அடங்கின கொஞ்ச நேரத்தில் இறக்கி முறத்தில் ஆற்றினேன்.

பங்குனியில் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஒன்பது பத்து நாள் முன்னால் மழை பெய்திருந்ததால் தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது, மல்லிகைக் கொடி பந்தலுக்குக் கீழே நிற்கிறாற்போல் வாசனை. திண்ணையில் வைத்து நானே போட்டுக் கொடுத்தேன். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, புளிக்குது. கெட்டுப்போச்சா?"

"கெடலடா. ஆறட்டும், இன்னொரு வாய் குடி."

கொஞ்சம் ஆறின பிறகு மறுபடி குடித்தான். பேசவில்லை. மூன்றாவது வாய்க்குப் பிறகு, "கமலா தோலைக் கிள்ளின வாசம் வருதுக்கா, அப்பா வேலியோரம் வச்சிருந்த மரம் மாதிரி" என்றான். அந்த மரங்கள் பட்டுப்போய் எத்தனையோ வருஷமாகிறது. அவை பக்கத்தில் நின்றதால் கொட்டையில் வாசம் ஏறிவிடாது. ஆரஞ்சில் இருக்கிற சிட்ரிக் அமிலம் காபிக் கொட்டையிலும் இருக்கிறது, கரிய வறுத்தால் அது அழிந்துபோகும். இளம் வறுப்பாக இருந்ததால்தான் அவனுக்கு நாக்கில் பட்டது. அதை அவனிடம் நான் அப்போது சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்தச் செடிக்குக் குழி வெட்டி, நிழல் கழித்து, தண்டு துளைப்பானோடு போராடிக்கொண்டிருக்கிறவன் தன் காபியை முதல்முறையாகக் குடிக்கிறான். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவன் கொட்டை வழக்கமாக எங்கே போகிறது? வியாபாரி வருவார், மூட்டையில் கைவிட்டு எடுத்து, நூற்றுக்கு எத்தனை கொட்டை தேறும் என்று 'அவுட்டர்ன்' பார்த்து விலை சொல்வார். பிறகு அது பண்ணைக்காடு, பெரும்பாறை, இன்னும் எங்கெங்கோ விளைந்ததோடு கலந்துவிடும். கடைக்கு வரும்போது 'பிளாண்டேஷன் ஏ', 'பீபெரி' என்று பெயர் இருக்கும். அவை கொட்டையின் அளவையும் வடிவத்தையும் பதம் செய்த முறையையும் சொல்லும் பெயர்கள், விளைந்த மலையைச் சொல்வதில்லை. நாட்டின் காபியில் பெரும்பகுதி கர்நாடகத்தில் விளைகிறது, நம் பங்கு சிறிதுதான். ஆனாலும் ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, கொல்லிமலை, சிறுமலை, எங்கள் கீழ்ப் பழனி என்று நமக்கு எத்தனை மலைகள். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மலைக்கு மலை மண்ணும் மழையும் உயரமும் வேறு. ஏற்காட்டுக் கொட்டையையும் எங்கள் கொட்டையையும் ஒரே நாளில் ஒரே அளவில் இரண்டு குவளையில் போட்டுக் குடித்துப் பார்த்தேன். ஏற்காட்டுடையதில் பாகு காய்ச்சின இனிப்பு, எங்களுடையதில் புளிப்பு முன்னால் நிற்கிறது. பாலும் சிக்கரியும் சேர்ந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் வெளிநாட்டுக் காபிக்குத்தான் இது சரி என்ற வரி எனக்கு அவ்வளவு வலித்தது.

உடம்பைப் பற்றி ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், பிரெஞ்சு பிரஸின் உலோகச் சல்லடை விட்டுவிடும். நெதர்லாந்தில் நடந்து 1996இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் ஐந்தாறு கோப்பை பிரெஞ்சு பிரஸ் காபியை 24 வாரம் குடித்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 9 முதல் 14 விழுக்காடு வரை கூடியிருந்தது. நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. எனக்கே கொழுப்பு கொஞ்சம் கூடுதல்தான், மருத்துவரிடம் சொல்லி, நாளைக்கு ஒரே ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள். விருந்தாளிகள் வந்து இரண்டாவது டம்ளர் போடவேண்டி வந்தால், பிரெஞ்சு பிரஸில் ஊறியதைக் காகித வடிகட்டியில் ஊற்றி இறக்கிக்கொள்கிறேன்.

குடித்து முடித்ததும் சல்லடைத் தட்டைக் கழற்றி மூன்று பாகமாகப் பிரித்துக் கழுவவேண்டும். வெறுமனே தண்ணீரில் அலசினால் எண்ணெய் ஒட்டி, நாலு நாளில் சிக்கு வாடை வந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைக்கிறேன். பொடியைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், எங்கள் வீட்டில் அது மண்ணோடு கலந்து கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

வறுத்து அரைக்கும் கடைக்காரர்கள் உங்கள் பத்திரிகையைக் கடையில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதையும் சேர்க்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் பெரும் அரைப்பு அரைத்துத் தாருங்கள். கவரின் மேல் வறுத்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். எந்த மலைக் கொட்டை என்று தெரிந்தால் அந்த மலையின் பெயரையும் எழுதுங்கள். அச்சடிக்கக்கூட வேண்டாம், கையெழுத்தே போதும்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தை எழுதியவர் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தம்பி தோட்டத்துக் கொட்டையில் 100 கிராம், நேற்று வறுத்து இன்று காலை கைமெஷினில் ரவைப் பதமாக அரைத்தது, கவரில் கட்டி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஐந்து தடவைக்கு வரும். ஒரு வாரத்துக்குள் போட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம்.